ஏறுற வண்டிக்கு வழி

"பஸ்ஸு வருமே கண்ணு, ஏன் இப்டி ஓடியாற?"

ஏற்காடு மலைப்பாதையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில், கைப்பிடிச் சுவரின்மேல் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார். அறுபது வயதிருக்கும். காதை மூடித் துண்டு கட்டியிருந்தார். மடியில் தூக்குப்போசி, பக்கத்தில் ஒரு மஞ்சப்பை. மேலே ஏதோ ஒரு காபி எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவர். பஸ்ஸுக்குக் காத்திருந்தார். காலை ஆறேகால் மணி.

நான் நின்றேன். நிற்பதற்கு ஒரு காரணம் கிடைத்ததே என்றுதான் நின்றேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "சும்மாதாங்கம்மா, உடம்புக்கு" என்றேன்.

"உடம்புக்கா?" என்று என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "நல்லாத்தானே இருக்க?"

அதற்குள் கீழ் வளைவில் ஹாரன் கேட்டது. பஸ் வந்தது, ஏறிக்கொண்டார், போய்விட்டார். புகையும் நானும் மிச்சம்.

உடம்புக்கு என்று சொன்னது பொய்யில்லை. முப்பத்து நான்கு வயதில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 என்று வந்தது. 5.7லிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறோம் என்று பொருள். டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தேன். நடை ஓட்டமானது. ஓட்டம் சேலத்தின் தார் ரோட்டிலிருந்து மலையடிவாரத்துக்கு நகர்ந்தது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர். நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வருஷத்தில் சர்க்கரை 5.5க்கு இறங்கிவிட்டது. நியாயமாக, அத்தோடு தார் ரோட்டுக்கே திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. அப்படியென்றால் வேறு காரணம் இருக்கிறது.

தப்பிப்பதற்காகத்தான் ஓடினேன்.

என் வேலை வீட்டிலிருந்தே. கம்பெனி பெங்களூரில், வாடிக்கையாளர்கள் அமெரிக்காவில், நான் அஸ்தம்பட்டியில் ஒரு படுக்கையறையின் மூலையில். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆன்-கால் முறை வரும். எங்கோ ஒரு சர்வர் படுத்தால் நடுராத்திரியில் என் போன் அலறும். அந்த அலெர்ட் சத்தம் மூளைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. குக்கர் விசிலில்கூட அது கேட்டது. இரண்டு வாரத்துக்கு ஒரு வேலைக் கட்டத்துக்கு எங்கள் தொழிலில் 'ஸ்பிரின்ட்' என்று பெயர். அதிவேக ஓட்டம். ஆறு வருஷமாக நாற்காலியை விட்டு எழாமல் அதிவேகமாக ஓடிக்கொண்டிருந்த ஒருவன், சனிக்கிழமை காலையிலாவது உண்மையிலேயே ஓடலாமே என்று கிளம்பினான்.

நாலே முக்காலுக்கு எழுந்து, பல் துலக்கி, யாரையும் எழுப்பாமல் கதவைச் சாத்திவிட்டு பைக்கை எடுப்பேன். அடிவாரத்தில் ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்துவேன். போனை ஃப்ளைட் மோடில் போடுவேன். அந்தச் சின்ன விமானப் படத்தை விரலால் தொடும் கணம்தான் வாரம் முழுக்க நான் காத்திருந்த கணம். அதற்கப்புறம் நான் யாருக்கும் யாருமில்லை.

*

மலையில் ஓடுவதற்கும் சமதளத்தில் ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம் கால்களைவிட மண்டைக்குத்தான் நன்றாகத் தெரியும். சமதளத்தில் ஓடும்போது மனசு கூடவே ஓடிவரும். மேனேஜர் சொன்னது, சொல்லாமல் விட்டது, வீட்டுக் கடன் என எல்லாம் வரும். ஏற்றத்தில் அதற்கு இடமில்லை. மூச்சுதான் ஒரே விஷயம். அடுத்த பத்தடி வைக்க முடியுமா என்பதுதான் உலகத்தின் ஒரே கேள்வி. சரிவு ஒரு அளவுக்கு மேல் போனால் ஓடுவதைவிட நடப்பதே சிக்கனம் என்று உடம்பு தானாகவே கண்டுபிடிக்கும். கௌரவம் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பிரச்சினை. ஒரே நேரத்தில் நாற்பது ஜன்னல் திறந்து வைத்திருக்கும் என் போன்றவனுக்கு இது எவ்வளவு பெரிய ஓய்வு என்று சொன்னால் புரியாது.

ஓட்டத்துக்குப் பின் வரும் அந்த இதமான மயக்கத்துக்கு எண்டார்ஃபின் காரணம் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ரத்தத்தில் சுரக்கும் எண்டார்ஃபின் எளிதில் மூளைக்குள் நுழைவதில்லை. இப்போது ஆய்வாளர்கள் எண்டோகன்னாபினாய்டுகளை அதிகம் சுட்டுகிறார்கள். கஞ்சாவில் இருக்கும் பொருள் மூளையின் எந்தப் பூட்டைத் திறக்கிறதோ, அதே பூட்டுக்கு உடம்பே தயாரித்துக்கொள்ளும் சாவி. ஆக, சனிக்கிழமை காலை எனக்குக் கிடைத்த ஞானத்தில் கொஞ்சம் ரசாயனமும் உண்டு. அதனால் அது மட்டம் என்று நான் நினைக்கவில்லை. பசி அடங்குவதும் ரசாயனம்தான்.

இன்னொன்றையும் மலை சொல்லிக்கொடுத்தது. ஏறும்போது நெஞ்சு அடைக்கும், செத்துவிடுவோம் என்று தோன்றும், ஆனால் தசைக்குப் பெரிய சேதமில்லை. சேதம் இறங்கும்போதுதான். இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டும். வண்டி பிரேக் பிடித்துக்கொண்டே உருள்வது மாதிரி. அதில்தான் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. அந்த வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளோ அதற்கு மறுநாளோதான் தெரியும். மாடிப்படி இறங்க முடியாமல் பின்பக்கமாக இறங்கியிருக்கிறேன். ஆனால் ஒருமுறை அப்படி வலித்த தசை, அடுத்தமுறை அதே இறக்கத்தில் அவ்வளவு வலிப்பதில்லை. ஏறுவதற்குப் பழகுவது போலவே இறங்குவதற்கும் தனியாகப் பழக வேண்டும். இதை நான் வெறும் உடற்பயிற்சிக் குறிப்பாகத்தான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

என் அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்தவர். பணிக்காலத்தின் கடைசி 11 வருஷம் சேலம்–ஏற்காடு தடத்தில்தான் ஓட்டினார். நான் அந்த மலையில் ஓடுகிறேன் என்று முதலில் சொன்னபோது சிரித்தார்.

"இந்த மலைய ஏறி எறங்க எனக்குச் சம்பளம் குடுத்தாங்கடா. நீ ஷூவுக்குப் பன்னண்டாயிரம் குடுத்துட்டு ஏர்ற."

அவருக்கு அந்த மலை காட்சி கிடையாது. பனி இறங்கினால் எந்த வளைவில் கண் தெரியாது, மழையில் எங்கே மண் சரியும், சீசனில் எந்த ஊர்க்கார்கள் ஹாரன் அடிக்காமல் திரும்பும் என்பதாகத்தான் அவருக்கு அது தெரியும். இரண்டு விதிகளை அடிக்கடி சொல்வார். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். ஏறுகிறவன் நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது கஷ்டம். இறங்குகிறவனுக்கு மலையே உதவி செய்யும்.

அவர் சொன்ன சம்பளக் கணக்கு எனக்குள் எங்கேயோ தைத்துவிட்டது. ஒரே மலை, ஒரே வளைவுகள். அவருக்குப் பிழைப்பு, எனக்கு விடுதலை. எது மாறியது?

இதைப் பற்றிப் படிக்கப் போனபோதுதான் டிரெட்மில்லின் கதை கிடைத்தது. ஜிம்மில் நாம் காசு கொடுத்து ஏறும் அந்த இயந்திரத்தின் மூதாதை ஒரு தண்டனைக் கருவி. 1818இல் வில்லியம் க்யூபிட் என்ற ஆங்கிலேய இன்ஜினியர், நம்ம ஆள்தான், சிறைக் கைதிகளுக்காக ஒரு பெரிய உருளையை வடிவமைத்தார். உருளையைச் சுற்றிலும் படிகள். கைதிகள் வரிசையாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் படிகளில் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். உருளை சுழலும், படி கீழே போகும், கைதி அதே இடத்தில் இருப்பான். முடிவில்லாத மாடிப்படி. சில சிறைகளில் அதைக்கொண்டு தானியம் அரைத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள். பல இடங்களில் எதுவுமே இல்லை, வெறும் காற்றைத்தான் அரைத்தது. 1895இல் சிறைக்குப் போன ஆஸ்கர் வைல்டும் அதில் ஏறியவர். 1898இல் வந்த சிறைச் சட்டத்தோடுதான் பிரிட்டனில் அதற்கு முடிவு வந்தது.

அந்தக் கைதியின் தொடைத் தசையும் என் தொடைத் தசையும் செய்தது ஒரே வேலை. அவனுக்கு அது நரகம், எனக்கு அது வாரத்தின் சிறந்த நேரம். விருப்பம்தான் வித்தியாசம் என்று சொல்லிவிடலாம். ஆனால் விருப்பம் என்ற சொல் கொஞ்சம் வழவழப்பானது. இன்னும் துல்லியமாகச் சொன்னால், நிறுத்த முடியும் என்பதுதான் வித்தியாசம். ஏழாவது வளைவில் முடியவில்லை என்றால் நான் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிடலாம். கைதியால் முடியாது. அறுபது பேரை வைத்துக்கொண்டு பதினான்காவது வளைவில் முதுகு வலிக்கிறது என்று அப்பாவால் நிறுத்த முடியாது. அந்த அம்மாவால் இன்றைக்கு மலை வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொன்னால் அன்றைய கூலி போச்சு. என் ஓட்டத்தின் ஆடம்பரம் அந்தப் பன்னிரண்டாயிரம் ரூபாய் ஷூவில் இல்லை. நினைத்த இடத்தில் நின்றுவிட முடிவதில் இருக்கிறது.

ஆடம்பரம் என்பதால் தப்பு என்று சொல்ல வரவில்லை. கஷ்டத்தை விளையாட்டாக எடுத்துச் செய்வது மனுசனின் பழைய குணம். ஆனால் அது ஆடம்பரம் என்பதை மறந்தவன் பிரசங்கம் செய்ய ஆரம்பித்துவிடுவான். நான் செய்தேன். 'மலை ஓட்டம் எனக்கு விடாமுயற்சி பற்றிக் கற்றுத்தந்த ஐந்து பாடங்கள்' என்று லிங்க்ட்இனில் ஒரு பதிவு போட்டேன். நானூறு லைக். ஒன்பதாவது வளைவில் பஸ்ஸுக்கு நிற்கும் அந்த அம்மா எத்தனை வருஷமாக அந்த மலைக்கு வேலைக்குப் போகிறாரோ, ஒரு பாடமும் எழுதவில்லை. பதிவை அப்புறம் நீக்கிவிட்டேன். நீக்கியதைப் பற்றி இங்கே எழுதுகிறேன் என்பதையும் கவனிக்கிறேன்.

*

போன வருஷம் ஆடி மாசத்தில் ஒரு சனிக்கிழமை. அன்றைக்குப் பன்னிரண்டு வளைவு ஏறினேன். அதுதான் என் அதிகபட்சம். மேகம் கீழே நின்றது. இறங்கி டீக்கடைக்கு வந்தபோது ஏழு நாற்பது. டீ சொல்லிவிட்டு ஃப்ளைட் மோடை எடுத்தேன். போன் கையிலேயே துடிக்க ஆரம்பித்தது. பதினான்கு மிஸ்டு கால். பதினொன்று மனைவி, மூன்று அப்பா.

மூன்று வயது மகளுக்கு ராத்திரியே லேசான காய்ச்சல். நான் கிளம்பும்போது தொட்டுப் பார்த்தேன், பெரிதாகச் சுடவில்லை. ஐந்தரை மணிக்குக் காய்ச்சல் சட்டென்று ஏறி வலிப்பு வந்துவிட்டது. சின்னக் குழந்தைகளுக்குக் காய்ச்சலில் இப்படி வருவது அபூர்வம் இல்லை. பெரும்பாலும் ஐந்து நிமிஷத்துக்குள் நின்றுவிடும், பின்விளைவும் இருக்காது. இதெல்லாம் அப்புறம் டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில், கண் மேலே சொருகி உடம்பு வெட்டி இழுக்கும் குழந்தையைக் கையில் வைத்திருக்கிறவளுக்கு இது எதுவும் தெரியாது.

எனக்குப் போன் போகவில்லை. அந்நேரத்துக்கு ஆட்டோ கிடைக்கவில்லை. ரிட்டையர் ஆன அன்றைக்கு 'இனிமே ஸ்டீரிங்கத் தொட மாட்டேன்' என்று சொல்லி, எட்டு வருஷமாகத் தொடாமலே இருந்த அப்பா, லுங்கியோடு என் காரை எடுத்து ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி தலைகூட வாராமல், நைட்டிக்கு மேல் துப்பட்டா போட்டபடி உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஷூவைப் பார்த்தாள். அதில் செம்மண் அப்பியிருந்தது. வெளியே பெஞ்சில் அப்பா முதுகைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஓடி முடிச்சிட்டியா?" என்றார்.

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போனை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆபீஸிலிருந்து ஒரு அழைப்புகூட இல்லை. யாரிடமிருந்து தப்பிக்க அந்த விமானப் படத்தைத் தொட்டேனோ அவர்கள் யாரும் என்னைத் தேடவேயில்லை.

*

மனைவி திட்டவில்லை. மூன்று நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"நீங்க ஓடறது தப்புன்னு நான் சொல்லல. ஓடிட்டு வர்ற அன்னைக்கு நல்லா இருக்கீங்க, தெரியுது. ஆனா எனக்கும் எங்கயாவது ஓடிப்போயிடணும்னு தோணுது. அப்ப பாப்பாவ யார்கிட்ட குடுத்துட்டு ஓடறது?"

"என்கிட்டதான்" என்றேன் உடனே.

"அத நான் கேட்டாதான குடுக்க முடியும்? நீங்க கேட்டுட்டா போனீங்க?"

கேட்கவில்லை. மூன்று வருஷம். வருஷத்துக்கு ஐம்பது சனிக்கிழமை, ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம். மொத்தம் 600 மணி நேரம். முழு நாளாகக் கணக்கிட்டால் 25 நாள். நான் ஏறிய மொத்த உயரம் என் செயலியில் மீட்டர் கணக்கில் இருக்கிறது. அந்த 600 மணி நேரம் யாருடையது என்று சொல்ல அதில் ஒரு கட்டம் இல்லை.

என் மனசு உடனே வாதாட ஆரம்பித்தது. 'நான் நல்லா இருந்தாத்தானே வீடு நல்லா இருக்கும்?' பொய்யில்லை. ஆனால் இந்த வாக்கியத்தை வீட்டில் யார் சொல்ல முடியும் என்று யோசித்துப் பார்த்தேன். நான் சொன்னால் அது உடல்நலம், ஒழுக்கம், சுயபராமரிப்பு. அவள் சனிக்கிழமை காலை நாலே முக்காலுக்கு யாரிடமும் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பி, போனை அணைத்துவிட்டு ஏழே முக்காலுக்கு வந்து இதே வாக்கியத்தைச் சொன்னால்? அதற்கு நம் ஊரில் வேறு பெயர்கள் உண்டு. ஒரு நியாயம் வீட்டில் ஒருத்தருக்கு மட்டும் பொருந்துகிறது என்றால் அது நியாயம் இல்லை, வசதி.

அடுத்து நான் செய்தது இன்னும் மோசம். ஓடுவதை நிறுத்திவிட்டேன். குற்றவுணர்ச்சி. ஒரு மாசம் சனிக்கிழமைகளில் தியாகி முகத்தோடு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். கடைசியில் அவளே, "தயவுசெஞ்சு போயிட்டு வாங்க, இந்த மூஞ்சியப் பாக்க முடியல" என்றாள். குற்றவுணர்ச்சியும் ஒரு வகைத் தப்பித்தல்தான் என்று அப்போது புரிந்தது. அதிலும் நான்தான் கதாநாயகன். அவள் கேட்ட கேள்வி அப்படியே தரையில் கிடந்தது.

*

மலைக்குத் தப்பித்துப் போவது நமக்குப் புதுசு இல்லை. 1896இல் மதுரையிலிருந்து பதினாறு வயதுப் பையன் ஒருவன் வீட்டைவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போனான். அண்ணன் தன் கல்லூரிக் கட்டணம் கட்டச் சொல்லிக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்று ரூபாயை ரயிலுக்கு எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனான். பின்னாளில் ரமணர் என்று அறியப்பட்டவர். எனக்கு அந்த இரண்டு ரூபாய்மேல் ஒரு மரியாதை. உலகத்தையே விட்டுப் போகிறவனும் எடுத்த கணக்கை எழுதி வைத்துவிட்டுப் போகிறான்.

இரண்டு வருஷம் கழித்து அம்மா தேடிக் கண்டுபிடித்து வந்து அழுதார். பையன் திரும்பவில்லை. 1916இல் அம்மா தானே மலைக்கு வந்து மகனோடு தங்கிவிட்டார். 1922இல் அங்கேயே இறந்தார். மலையடிவாரத்தில் அடக்கம் செய்தார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக அந்த மலையை விடாமல் பற்றியிருந்தவர், கொஞ்ச காலத்தில் இறங்கி வந்து அம்மாவின் சமாதி அருகிலேயே தங்கிவிட்டார். இன்றைய ரமணாசிரமம் அந்த இடம்தான். பக்தர்கள் இதற்கு வேறு விளக்கம் சொல்வார்கள். எனக்குத் தென்படுவது, முழுசாகத் துறந்தவரும் ஒரு நாள் இறங்கி வந்தார் என்பது.

முழுசாகப் போகிறவருக்கும் எனக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அவர் எல்லாவற்றையும் விலையாகக் கொடுத்துவிட்டுப் போகிறார். நான் ஒன்பது மணிக்கு இட்லிக்குத் திரும்பிவிடும் துறவி. திரும்பி வரும்போது வீடு இருந்த இடத்தில் இருக்க வேண்டும், குழந்தை குளித்திருக்க வேண்டும், சட்னி அரைத்திருக்க வேண்டும். அதற்காக யாரோ ஒருவர் தப்பிக்காமல் இருக்க வேண்டும்.

மலையிலும் அப்படித்தான். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டப் பந்தயம் ஒன்று நடந்தது. 172 பேர் ஓடினார்கள். பாதிப் பகலில் திடீரென்று ஆலங்கட்டி மழை, உறைய வைக்கும் காற்று. மெல்லிய ஓட்ட உடையில் இருந்தவர்கள் விறைத்துப் போனார்கள். 21 பேர் இறந்தார்கள். சீனாவின் சிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களில் ஒருவரான லியாங் ஜிங்கும் அதில் ஒருவர். அந்த மலையில் அன்றைக்கு ஜூ கெமிங் என்ற இடையர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். மழைக்கு ஒரு குகையில் ஒதுங்கியவர், வெளியே ஒரு ஆள் அசையாமல் நிற்பதைப் பார்த்தார். உள்ளே கூட்டிவந்து கைகால் தேய்த்து, தீ மூட்டி, துணி உலர்த்தினார். அப்படி ஆறு பேரைக் காப்பாற்றினார். நம் தேனி மாவட்டத்தின் குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, காப்பாற்ற மேலே ஏறியவர்களில் அந்த மலைக் கிராமத்து ஆட்களும் இருந்தார்கள்.

அவர்களுக்கு அந்த மலை தப்பிக்கும் இடமில்லை, இருக்கும் இடம். அவர்கள் அங்கே இருப்பதால்தான் நம்மால் போய்விட்டுத் திரும்ப முடிகிறது. தனியாக ஓடினேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த எந்தச் சனிக்கிழமையும் தனியாக ஓடியதில்லை. கீழே ஒருத்தி விழித்திருந்தாள். வழியில் ஒருவர் டீக்கடையைத் திறந்து வைத்திருந்தார். அந்த ரோட்டில் யாரோ ஒருவர் அப்பாவின் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். தப்பிப்பது தப்பென்று இன்னமும் எனக்குத் தோன்றவில்லை. தப்பித்தவன், தன்னை யாரும் தாங்கிப் பிடிக்கவில்லை என்று நம்பிக்கொண்டு இறங்குவதுதான் தப்பு.

*

இப்போது சனிக்கிழமை எனக்கு, ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு. போனில் எல்லா சத்தத்தையும் அணைத்துவிட்டு இரண்டு எண்களுக்கு மட்டும் வழி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி, "நாளைக்குப் போகட்டுமா?" என்று கேட்கிறேன். இரண்டு முறை "வேணாம்" என்றிருக்கிறாள். போகவில்லை. முகத்தையும் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, அல்லது அப்படி நினைத்துக்கொள்கிறேன்.

முதல் ஞாயிறு அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்கு ஆர்வம். எங்கே போவதென்று அவளுக்கே தெரியவில்லை. கல்யாணத்துக்கப்புறம் காரணமில்லாமல் எங்கேயும் போனதில்லை என்றாள். கடைசியில் ஏற்காடு பஸ் ஏறினாள். நான் ஓடும் அதே மலை. எந்தப் பக்கம் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு தெரியும் என்று அப்பாவிடம் கேட்டாள்.

"எந்தப் பக்கம் ஒக்காந்தாலும் ஒண்ணுதாம்மா" என்றார் அப்பா. "ஒரு வளைவு உனக்கு, அடுத்த வளைவு அந்தப் பக்கத்தாளுக்கு."

ஏரிக்கரையில் ஒரு பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம். ஒரு டீ, ஒரு மிளகாய் பஜ்ஜி. என்ன யோசித்தாய் என்று கேட்டேன். "ஒண்ணுமே யோசிக்கல" என்றாள், ஏதோ திருடியவள் மாதிரி சிரித்துக்கொண்டு. அந்த ஒண்ணுமே யோசிக்காததற்காகத்தான் நான் பன்னிரண்டு வளைவு ஏறிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒரு பஸ் டிக்கெட் போதுமாக இருந்தது.

அந்த ஐந்து மணி நேரம் வீட்டில் இருந்தவன் நான். மகள் நான்கு முறை "அம்மா எங்க?" என்று கேட்டாள். சோறு ஊட்டும்போது ஆபீஸ் நினைப்பு வரவில்லை, ஏனென்றால் அதற்கும் இடமில்லை. பதினொரு மணிக்கு ஜன்னல் பக்கம் போய்ப் போய்ப் பார்த்தேன். காத்திருப்பது இறக்கம் மாதிரி. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் வலித்தது. இதையா மூன்று வருஷம் ஒருத்தியைச் செய்யவைத்தேன் என்று.

எல்லாக் கணக்கும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அப்பாவிடம் உங்களுக்கும் ஒரு நாள் வேண்டாமா என்று கேட்டால், "எனக்கு மலையே வேணாம்டா, அந்தத் திண்ணை போதும்" என்கிறார். வேண்டியது என்ன என்று கேட்கவே அவரை யாரும் பழக்கவில்லையோ என்றும் தோன்றுகிறது. ஒன்பதாவது வளைவு அம்மாவின் மலையை நான் கேட்டு வாங்கிக்கொடுக்க முடியாது. அவருடைய ஏற்றத்துக்கும் என்னுடையதுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் என் சனி, ஞாயிறு ஏற்பாட்டில் மூடுகிற பள்ளம் இல்லை. அதை நடுவில் வைத்துக்கொண்டுதான் ஓட வேண்டியிருக்கிறது.

போன மாசம் அவரை மறுபடி பார்த்தேன். அதே சுவர், அதே தூக்குப்போசி. நான் இறங்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னுமா ஓடற?" என்றார்.

"ஆமாங்கம்மா. வீட்ல கேட்டுட்டுதான் வந்தேன்."

என்ன சொல்கிறான் இவன் என்பது போலப் பார்த்துச் சிரித்தார். கீழே ஹாரன் கேட்டது. பஸ் வளைவில் திணறித் திரும்பி ஏறி வந்தது. நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன்.